குளத்தடி வீட்டுப் பன்றி

அந்த நோய் ஒரு பன்றிக்கு வந்திருந்தால் பன்றியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அது வழமைபோலச் சாப்பிடும், சேற்றில் புரளும், பின்னேரமானதும் தொட்டியை மூக்கால் இடித்துச் சத்தம் போடும். நுளம்பு கடித்த சில நாட்களில் வைரசு அதன் இரத்தத்தில் பெருகியிருக்கும். அந்த நாட்களில் அதைக் கடிக்கிற நுளம்புகள் வைரசையும் எடுத்துக்கொண்டு அடுத்த வளவுக்குப் பறக்கும். பிறகு பன்றி தானாகவே தேறிவிடும். வந்து போனதற்கு இரத்தத்தில் ஓர் அடையாளம் மட்டும் மிஞ்சும். பள்ளிக்கூடத்தில் பிறபொருளெதிரி என்று படித்தோமே, அதுதான். அந்த அடையாளத்தைத் தேடுவதும் என் வேலைகளில் ஒன்றாக இருந்தது.

தீவுப்பகுதியில் ஒரு மிருக வைத்திய அலுவலகத்தில் நான் கள உத்தியோகத்தர். மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்குப் பூச்சி மருந்து, கோழிக்குக் கண்ணில் சொட்டு மருந்து என்று நாள் போகும். நாங்கள் வேலணைப் பக்கத்துச் சைவக் குடும்பம். எனக்குப் பன்றியைப் புத்தகத்தில்தான் தெரியும். கலியாணத்துக்குப் பிறகு ஊர்காவற்துறைப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமத்தில் வாடகைக்கு வீடு எடுத்தோம். என் அலுவலகத்துக்குக் கிட்ட. கணவருக்கு யாழ்ப்பாணத்தில் வேலை. காலை பஸ்ஸில் மண்டைதீவு தாண்டிப் போய், பொழுதுபட வருவார்.

கிராமம் முழுக்கக் கத்தோலிக்கர், கடற்றொழில் செய்கிறவர்கள். அநேகமான வீடுகளில் வைகாசியில் ஒரு பன்றிக்குட்டி வாங்குவார்கள். எல்லாக் குட்டிகளும் ஒரே லொறியில் வரும், எல்லாம் கறுப்பு. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, முதல்நாள் விடியற்காலை வெட்டி, பங்கு போட்டுப் பனையோலைக் கூடைகளில் எடுத்துப் போவார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கத்து அக்காவும் ஒன்று வாங்கினா. அவதான் நான் வேலைக்குப் போகும் நேரங்களில் என் மகளைப் பார்க்கிறவ. பிள்ளைகள் வளர்ந்து பட்டணத்தில் வேலை செய்கிறார்கள், புருசன் கடலுக்குப் போய்விடுவார், கை சும்மா இருக்கப் பிடிக்காத மனுசி. பன்றிக்கு அவ வைத்த பெயர் மருமகன்.

"என்ர மகள் கலியாணம் வேண்டாமெண்டு ஒற்றைக்காலில நிக்கிறாள், தங்கச்சி. வீட்டுக்கு ஒரு மருமகன் வேணும்தானே," என்று சொல்லி, கஞ்சியை ஊற்றிக்கொண்டே அதட்டுவா. "தின்னும், தின்னும். வந்த நாளில இருந்து ஒரு வேலை வெட்டி இல்லை. அச்சொட்டா மருமகன்தான்."

என் மகள் அவவுடைய இடுப்பில் இருந்துகொண்டு கையைத் தட்டிச் சிரிப்பாள். கூடு வேலியோடு ஒட்டி இருந்தது. எங்கள் படுக்கையறை யன்னலும் அந்தப் பக்கம்தான். முதலில் மணம் கரைச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. அந்தக் கூட்டைப் பற்றி நான் படித்தது எல்லாம் எனக்கு நினைவில் இருந்தது. ஆனால் நினைவில் இருப்பதற்காக ஒருவர் வீட்டில் போய், உங்கள் பன்றியைத் தள்ளி வையுங்கள் என்று சொல்ல முடியுமா? அதுவும் என் பிள்ளையைத் தன் பிள்ளைபோல் பார்க்கிற ஒருத்தியிடம்? சொல்லியிருக்கலாம் என்று இப்போது படுகிறது. அப்போது அது மரியாதை இல்லாத பேச்சாகப் பட்டது.

ஐப்பசிக் கடைசியில் மழை தொடங்கியது. அந்த முறை விடாமல் பெய்தது. குளத்தடியிலும் வயல்களிலும் தண்ணீர் தேங்கி, கொக்குகள் கூட்டமாக வந்து நின்றன. பன்றிக்கு வருகிற அந்த வைரசு கொக்குகளிலும் இருக்கும். நுளம்பு பெருகியது. ஊரில் எல்லாரும் டெங்குவைப் பற்றித்தான் கதைத்தார்கள். சிரட்டைகளைக் கவிழ்த்தோம், வாளிகளை மூடினோம். என் கவலை வேறு நுளம்பைப் பற்றியது. அது வயல் தண்ணீரிலும் பள்ளத்துத் தண்ணீரிலும் பெருகும், பொழுது சாயத்தான் கடிக்க வெளிக்கிடும். வயலைக் கவிழ்த்துவைக்க முடியாது.

மகளுக்கு ஒரு வயது ஆனது கார்த்திகையில். ஒரு வயதில் போடுகிற ஊசி யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கானது. நான் பன்றி இரத்தத்தில் தேடுகிற அதே நோய். அந்த ஊசி நாளுக்காக நான் காத்திருந்தது மாதிரி அவளுடைய பிறந்தநாளுக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

கிளினிக்குக்கு முதல்நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

உடம்பு நெருப்பாகக் கொதித்தது. ஒருமுறை சத்தி எடுத்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து படுத்தவள், தலையைத் தூக்க மனமில்லாமல் கிடந்தாள். ஆசுபத்திரியில் இரத்தம் எடுத்து டெங்கு இல்லை என்றார்கள். வைரசுக் காய்ச்சல், தண்ணி கொடுங்கோ, பனடோல் கொடுங்கோ என்றார்கள். எந்த வைரசு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்த நேரம் யார் சொல்வார்கள்?

மூளைக்காய்ச்சலில் கழுத்து விறைக்கும் என்று படித்திருக்கிறேன். தாடை நெஞ்சில் முட்டக் குனிய முடியாது. ஒரு வயதுப் பிள்ளையிடம் குனி என்று சொல்லிப் பலனில்லை. அதனால் அவளை மடியில் வைத்து, காலை நீட்டி, விரலைத் தொட்டுக் காட்டுவேன்.

"காலைப் பார், குஞ்சு. காலில ஆர் இருக்கினம்? பாரன்."

அவள் சோர்ந்த கண்ணோடு குனிந்து தன் கால் விரல்களைப் பார்ப்பாள். கழுத்து வளையும். எனக்கு மூச்சு வரும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் காட்டுவேன். கணவர் ஒருமுறை, "உந்தப் பிள்ளையை நிம்மதியாப் படுக்க விடுமன்," என்றார். நான் விடவில்லை.

காய்ச்சல் விட்டது. ஆனால் அந்தக் கிளினிக் போய்விட்டது. "காய்ச்சலோட போடேலாது. அடுத்த மாதம் கொண்டுவாங்கோ, அவசரமில்லை," என்று மருத்துவிச்சி சொல்லி அனுப்பினா. அடுத்த மாதக் கிளினிக் நாளில் ரோட்டுக்கு மேலால் வெள்ளம். யாரும் வரவில்லை. தையில் பார்ப்போம் என்று ஆனது. யார் பிழை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் பொழுதுபட யன்னலைச் சாத்தும்போது, அவளுக்கு இன்னும் ஊசி போடவில்லை என்ற எண்ணம் என் கையோடு சேர்ந்து யன்னலில் முட்டும்.

நத்தாருக்கு முதல்நாள் விடியற்காலை நான் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியையும் கண்ணாடிக் குழாய்களையும் கொண்டு, பன்றி வெட்டுகிற கடற்கரை வாடிக்குப் போனேன். வெட்டும்போதே இரத்தம் எடுப்பதுதான் சுகம். உயிரோடு பன்றியைப் பிடித்து நரம்பு தேடுவது நாலு பேர் வேலை. அந்த ஊர்ப் பன்றிகள் எல்லாம் வைகாசியில் குட்டிகளாக வந்தவை. அவற்றில் அடையாளம் இருந்தால் வைரசு இந்த மழைக்கு இந்த ஊருக்குள்தான் வந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால்தான் எங்கள் அலுவலகத்து மிருக டொக்டர் அந்த ஊரைத் தெரிந்தெடுத்திருந்தார்.

அந்த வாடிக்கு ஐந்து பன்றிகள் வந்தன. ஒவ்வொன்றாக இழுத்து வந்தார்கள். நான் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பியபடி, கழுத்திலிருந்து பாய்கிற இரத்தத்துக்கு நேரே குழாயைப் பிடித்தேன். மிச்சம், வறுத்து வறை செய்வதற்காக, ஒரு சட்டியில் விழுந்தது. ஆம்பிளைகள் பகிடி விட்டார்கள்.

"மிஸ்ஸுக்கும் ஒரு பங்கு போடுங்கோடா."

"மிஸ் சைவம். குழாயில கொண்டுபோய்க் குடிக்கிறா போல."

நான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் அடுத்த முறை குழாய் பிடிக்க விடமாட்டார்கள். இந்தப் பன்றிகளின் காதில் இலக்கம் கிடையாது. வீட்டை எழுதினால் போதும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆகவே ஒவ்வொரு பன்றி வரும்போதும் இழுத்து வருகிறவரிடம், "எந்த வீடு?" என்று கேட்டு, பிளாஸ்டர் துண்டில் எழுதிக் குழாயில் ஒட்டினேன். கோயிலடி வீடு. தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பெயர். வாடி வீடு. குளத்தடி வீடு. அக்காவின் புருசன் கொண்டுவந்ததில் என் பக்கத்து வீடு என்றே எழுதினேன்.

குளத்தடி வீட்டுக்காரர் கொண்டுவந்த பன்றியின் இடது காது கிழிந்திருந்தது. அதைக் கண்டது எனக்கு நல்ல நினைவு. நாய் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். நாய் பிடிக்காத பன்றி இந்த ஊரில் எது? அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. இரத்தம் குழாயில் உறைந்து, மேலே வெளிர் மஞ்சள் நீர்ப்பாயம் தெளியும்வரை காத்திருந்து, பிரித்து, பனிக்கட்டிக்குள் வைத்து அனுப்பிவிட்டேன்.

அன்று பின்னேரம் அக்கா கண் வீங்கிப்போய் இருந்தா. "மருமகன் போயிட்டார்," என்றா.

முடிவு வந்தது தைப்பொங்கல் கழிந்து. டொக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உம்மட அஞ்சில ஒண்டு பொசிட்டிவ்."

"எந்த வீடு, டொக்டர்?"

"குளத்தடி."

என் முதல் நினைப்பு, அப்பாடா என்பதுதான். குளத்தடி ஊரின் மற்ற அந்தம். வயலும் தேங்கிய தண்ணீரும் கொக்கும் அங்கேதான். அங்கே வராமல் வேறெங்கே வரும்? எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி பொருந்தியது. அக்காவின் பன்றியின் குழாயில் ஒன்றுமில்லை.

டொக்டர் சொன்னார், "பயப்பட ஒண்டுமில்லை. ஆனா வைரஸ் சுத்தியிருக்கு. நீர் போய் அந்த வீட்டைப் பாரும், கூடு எங்க இருக்கு, தண்ணி எங்க நிக்குது எண்டு. ஊசி போடாத பிள்ளையள் அந்தப் பக்கம் இருந்தால் சுகாதார ஆக்களுக்கு நாங்கள் சொல்ல வேணும்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "உம்மட பிள்ளைக்குப் போட்டாச்சுதானே?"

"இன்னும் இல்லை. இந்த மாதக் கிளினிக்கில."

"சரி சரி. குளத்தடி உங்களுக்குத் தூரம்தானே."

ஓம் என்றேன்.

அடுத்த நாளே குளத்தடிக்குப் போனேன். வெயில் எறித்தாலும் பாதையின் இரண்டு பக்கமும் தண்ணீர் வற்றவில்லை. ஸ்கூட்டியின் சத்தத்துக்குக் கொக்குகள் எழும்பி, கொஞ்சம் தள்ளித் திரும்பவும் இறங்கின. வீட்டுக்காரர் முற்றத்தில் கதிரையைப் போட்டு வலை பொத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். வாடியில் பகிடி விட்டவர்களில் முதல் ஆள் அவர்.

"வாங்கோ மிஸ். பண்டியும் முடிஞ்சுது. இனி ஆரைக் குத்தப் போறியள், என்னையோ?"

"இல்லை அண்ணை. கூட்டைப் பார்க்க வந்தனான்."

கூடு வெறுமையாகக் கிடந்தது. நான் சுற்றிவரப் பார்த்தேன். தண்ணீர் நிற்கிற இடத்தைப் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னேன், பயப்படுத்தாமல், டொக்டர் எனக்குச் சொன்ன அதே குரலில். "இந்தக் கூட்டில நிண்ட பண்டிக்கு ஒரு வைரசு வந்து மாறியிருக்குது, அண்ணை. இறைச்சியால ஒண்டும் வராது. நுளம்பாலதான் வரும். அதுதான் கேட்கிறன், பக்கத்தில சின்னப் பிள்ளையள் ஆரும்..."

"எந்தப் பண்டிக்கு?"

"நீங்கள் நத்தாருக்கு வெட்டக் கொண்டுவந்ததுக்கு."

"நான் கொண்டுவந்தது சரி. இந்தக் கூட்டில நிண்டதெண்டு ஆர் சொன்னது?"

அவர் வலைத் தடியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"மிஸ், ஆரும் தான் வளர்த்ததை வெட்டுவினமோ? கஞ்சி ஊத்தின கையால கத்தி பிடிக்கேலாது. முதல்நாள் பின்னேரம் ஆளுக்காள் மாத்திப்போடுவம். என்ர பண்டி அங்க, அங்கத்தைய பண்டி இங்க. தின்னேக்க இது ஆரோ ஒருத்தன்ர பண்டியெண்டு தின்னலாம். எங்கட அப்பு காலத்திலயும் அப்பிடித்தான்."

"நான் கேட்கேக்க குளத்தடி வீடெண்டு சொன்னனீங்களே?"

"நீங்கள் எந்த வீடெண்டுதானே கேட்டனீங்கள். நான் என்ர வீட்டைச் சொன்னனான். எந்த வீட்டில வளர்ந்ததெண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். இது ஊருக்கே தெரிஞ்ச விசயம். உங்களுக்கு ஆர் வந்து சொல்லுறது?"

அடுத்த கேள்வியைக் கேட்கப் பிடிக்காமலே கேட்டேன்.

"உங்களுக்கு வந்தது ஆற்ற பண்டி, அண்ணை?"

"உங்கட பக்கத்து வீட்டுக்காரற்றைதான். மருமகன்." அந்தப் பெயரைச் சொல்லும்போது அவர் பகிடியாகச் சொல்லவில்லை. "அந்த மனுசி அழுதழுதெல்லோ விட்டவ. காது கிழிஞ்ச பண்டி. குட்டியில நாய் பிடிச்சது."

அந்தக் காதுக்குக் கீழே குழாயைப் பிடித்தது நான். வைகாசியில் அக்கா அந்தக் காதுக்கு மஞ்சள் பூசியதை வேலிக்கு மேலால் பார்த்ததும் நான்தான். பிறகு அது எப்போதும் சேறு பூசிக் கிடந்ததில், அந்தக் காது அந்த நிமிடம்வரை என் நினைவுக்கு வரவே இல்லை.

"தண்ணி ஏதும் குடியுங்கோவன், மிஸ். முகம் ஒரு மாதிரிக் கிடக்கு."

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும் வழியில் மனதில் ஒரு கணக்கு ஓடியது. பன்றி வெட்டியது மார்கழிக் கடைசி. அந்த நேரம் இரத்தத்தில் அடையாளம் அப்படித் தெளிவாக இருந்தால், வைரசு வந்தது அதற்கும் முந்தி. கார்த்திகையாக இருக்கலாம். கார்த்திகையில் என் மகள் என் தோளில் தலையைத் தூக்காமல் கிடந்தாள்.

குளத்தடியை நான் தூரம் என்று நினைத்தேன். உண்மையில் அது என் படுக்கையறை யன்னலுக்கு வெளியே நின்று தொட்டியை இடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அக்கா குசினிப் பத்தியில் பாயைப் போட்டு மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தா. மகள் என்னைக் கண்டதும் வாயில் சோற்றோடு கையை நீட்டினாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை.

"அக்கா, மருமகனுக்கு அந்த வருத்தம் இருந்திருக்கு."

"எந்த வருத்தம்? கடைசி நாளும் நல்லாத் திண்டவன்."

"வந்தாலும் தெரியாது. நுளம்பு கடிச்சு வாறது. பிள்ளையளுக்கு வந்தால் சிலநேரம் மூளைக்கு ஏறும்."

அக்கா கையிலிருந்த சோற்றை மெல்லக் கோப்பையில் வைத்தா. கூட்டைப் பார்த்தா. பிறகு மகளைப் பார்த்தா. அந்த முகத்தில் ஏதோ ஓடுவது எனக்குத் தெரிந்தது.

"தங்கச்சி, பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததெல்லோ."

"ஓம்."

"அதுக்கு முதல் கிழமை ஒருநாள் விடாத மழை. அறைக்குள்ள ஒழுகினது. நான் இந்தப் பத்தியிலதான் ஏணை கட்டி நித்திரையாக்கினனான்." பத்திக்கும் கூட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகுத் தட்டிதான். "பகல்தானே எண்டு நுளம்பு வலை போடேல்லை. எழும்பேக்க பொழுதுபட்டிட்டுது. நீர் அண்டைக்குப் பிந்தித்தானே வந்தனீர்."

ரோட்டில் வெள்ளம் என்று அன்று நான் சுற்றிப் போய், பிந்தி வந்தேன். வரும்போது மகள் ஏணைக்குள் இருந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். காலில் சிவப்பாகத் தடித்திருந்தது. எண்ணெய் பூசிவிட்டேன்.

அவ என்னைக் குறை சொல்லலாம், நான் அவவைக் குறை சொல்லலாம். இரண்டும் வாய்வரை வந்து நின்றன என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் அவதான் கேட்டா.

"இப்ப நான் பிள்ளையைத் தூக்கலாமோ?"

"என்னக்கா இது கேள்வி? ஆளிட்ட இருந்து ஆளுக்கு வராது." நான் மகளை அவவிடம் நீட்டினேன். அவ கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினா. முன்பு ஒருநாளும் துடைத்ததில்லை.

இரவு கணவரிடம் சொன்னேன். "காய்ச்சல் வந்து மாறினதுதானே. அதுவா இருந்தாலும் மாறிட்டுது. நீர் ஏன் மாறினதைத் தோண்டுறீர்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் அது அதுவாக இல்லாவிட்டால், அவளுக்கு இன்னும் ஒரு பாதுகாப்பும் இல்லை. அது அதுவாக இருந்திருந்தால், அது அவளுக்குள் எங்கே போய்த் திரும்பியது? ஏதாவது தொட்டுவிட்டுப் போனதா? அவள் எழும்பி நிற்கும்போது ஒரு பக்கம் சாய்கிறாளா? எல்லாப் பிள்ளைகளும் சாய்வார்கள்தானா? கிளினிக் நாள் வரும்வரை நான் வெயில் இருக்கவே யன்னல்களைச் சாத்தினேன். வலையைக் கட்டிலைச் சுற்றிச் செருகி, உள்ளே இருந்து அவளுடைய காலைத் தொட்டேன்.

"காலைப் பார், குஞ்சு."

பார்த்தாள். கழுத்து வளைந்தது.

கிளினிக்கில் அன்று சனம். எங்கள் முறை வந்தபோது நான் அங்கிருந்த வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பன்றியை, காய்ச்சலை, ஏணையை. அவர் இளம் ஆள், பொறுமையாகக் கேட்டார். மருத்துவிச்சி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றா.

"ஊசிக்கு முதல் இவளின்ர இரத்தத்தை எடுத்துப் பார்க்கலாமோ, டொக்டர்? பண்டியில பார்த்த மாதிரி."

"எடுக்கலாம், மிஸ். ஆனா மறுமொழி வரக் கன நாள் செல்லும். அதுவரைக்கும் ஊசியை நிப்பாட்டி வைக்கச் சொல்லுறீங்களோ?"

"இரத்தத்தை இப்ப எடுத்துப்போட்டு, ஊசியையும் இப்பவே போட்டால்?"

"அதுவும் செய்யலாம்." அவர் மகளைப் பார்த்தார். அவள் அவருடைய கழுத்தில் தொங்கின குழாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "ஆனா நீங்களே சொல்லுங்கோ. அந்தக் காய்ச்சல் அதுவா இருந்திருந்தால் வந்து போயிட்டுது, அதுக்கு மருந்தில்லை. இல்லாட்டி இந்த ஊசி காப்பாத்தும். ரெண்டிலயும் நாங்கள் இண்டைக்குச் செய்யிறது ஒண்டுதான். இந்தப் பிள்ளையின்ர நரம்பைத் தேடிக் குத்தி, நீங்கள் என்னத்தை அறியப் போறீங்கள்?"

"பிறகொருநாள் பார்த்தால் தெரியுமோ?"

"பிறகு பார்த்தால் ஊசியின்ர அடையாளமும் சேர்ந்து காட்டும். எது எதால வந்ததெண்டு பிரிக்கேலாது."

இன்றைக்கு அறியாவிட்டால் இனி ஒருநாளும் அறியமாட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் ஒரு பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. பன்றியின் கழுத்துக்கு நேரே குழாய் பிடித்த என் கை இப்போது மகளின் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. தெரிந்துகொள்வது என் தொழில். எது வந்தது, எப்போது வந்தது என்று குழாய்க்குக் குழாய் தேடுகிறவள் நான். ஆனால் அந்த மறுமொழி கையில் வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறை அவள் தடக்கி விழும்போதும், ஒவ்வொரு சொல் பிந்தும்போதும், அந்தக் கடதாசியை எடுத்துப் பார்ப்பேன். அவ்வளவுதான்.

"போடுங்கோ," என்றேன்.

ஊசி ஏறியது. அவள் வீரிட்டாள். மருத்துவிச்சி பஞ்சை அழுத்தி, "சரி, முடிஞ்சுது, முடிஞ்சுது," என்றா. ஓம், முடிந்துவிட்டது.

அலுவலகத்தில் நான் டொக்டருக்கு உண்மையைச் சொன்னேன். குழாய்கள் மாறவில்லை, பன்றிகள்தான் வீடு மாறியிருந்தன என்றேன். அவர் முதலில் சிரித்தார். பிறகு, "அப்ப அது உம்மட வேலிக்கரைதானே," என்று சொல்லிவிட்டு, மேசையில் இருந்த எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். அந்தப் பக்கத்தில் ஊசி போடாத ஒரு பிள்ளை இருந்தாள், இப்போது போட்டாயிற்று என்று நானே சுகாதாரப் பகுதிக்குச் சொன்னேன். இப்போது இரத்தம் எடுக்கப் போனால், "எந்த வீடு?" என்று கேட்பதில்லை. "எங்க வளர்ந்தது?" என்று கேட்கிறேன். ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஆனால் சொல்கிறார்கள்.

வைகாசியில் லொறி திரும்பவும் வந்தது. இந்தமுறை வேண்டாம் என்றுதான் அக்கா நின்றா. நான்தான், நீங்கள் வாங்குங்கோ என்றேன். அவ வாங்காவிட்டால் மற்றவர்கள் வாங்காமல் இருக்கப்போவதில்லை, நத்தாரும் வராமல் இருக்கப்போவதில்லை. கூட்டை வேலியிலிருந்து பிரித்துக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு தள்ளினால் போதும் என்று அக்காவின் புருசன் கேட்டார். வளவின் அந்தத்தைக் காட்டினேன். நுளம்பு அதைவிடத் தூரம் பறக்கும் என்பதை நான் சொல்லவில்லை. வளவு அதற்கு மேல் இல்லை.

புதுக்குட்டிக்கு அக்கா பெயர் வைக்கவில்லை. "உது பண்டிதான், வேறொண்டுமில்லை," என்கிறா.

மகள் இப்போது நடக்கிறாள். நேராகத்தான் நடக்கிறாள், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்று பின்னேரம் யன்னலைச் சாத்த எழும்பினேன். வளவின் அந்தத்தில் குட்டி தொட்டியை இடிக்கிற சத்தம் கேட்டது. பின்னால் கடலோரத்து ஆழமில்லாத தண்ணீரில் கொக்குகள் இறங்கிக்கொண்டிருந்தன, இந்த வருடம் மழை தொடங்குவதற்கு முன்பே வந்துவிட்டன. திரும்பிப் பார்த்தேன். மகள் நிலத்தில் இருந்து, காலை நீட்டி, யாரும் சொல்லாமலே தலையைக் குனிந்து தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, சரியா என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள்.